பதினாறு சுற்று

ஆலையில் அவரை வாளிக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாளி விற்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. சுவர்ப் பூச்சுக்கான உலர் கலவையை மூட்டை கட்டி விற்கும் ஆலை அது. கலக்கும் இயந்திரம் நான்காவது மாடியில் இருக்கிறது, மணலோ தரையில் குவிந்து கிடக்கிறது. அதை மேலே ஏற்ற ஒரு எலிவேட்டர். ஆள் ஏறுகிற லிஃப்ட் இல்லை. செங்குத்தாக நிற்கும் நீளமான தகரக் கூண்டு, அதற்குள் மேலும் கீழுமாகச் சுற்றும் அகலமான ரப்பர் பெல்ட், பெல்ட் நெடுக நூற்றுச் சொச்சம் இரும்பு வாளிகள். அடியில் மணலை அள்ளிக்கொண்டு ஏறும், உச்சியில் கவிழ்த்துவிட்டு வெறுமையாக இறங்கும், மறுபடி அள்ளும். அதன் காலடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மணல் கதவைத் திறந்து மூடுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை.

கேட்டால் சுலபமாகத்தான் தெரியும். ஒரு கலவைக்கு மணல் ஆயிரத்து நூற்றிருபது கிலோ, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நிறுப்பதற்கு, மேட்டிலிருந்து மணலை அள்ளிக் கொட்டும் தொட்டியின் அடியில் ஒரு எடைக்கருவி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழையில் அது செத்துப்போனது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். "இப்போதைக்கு எப்படியாவது ஓட்டுங்க" என்றார் அப்போதைய மேனேஜர். அவர் போய், அடுத்தவர் வந்து, அவரும் போய், மூன்றாமவர் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அந்த இப்போதைக்கு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

எப்படியாவது ஓட்ட அவரிடம் ஒரு வழி இருந்தது. பெல்ட்டின் இரண்டு முனைகளையும் போல்ட் போட்டு இணைத்திருக்கும் இடத்தில் வாளி மாட்ட முடியாது. அதனால் வாளிகள் மணலை அள்ளும் சரக் சரக் சத்தத்தில், அந்த இணைப்பு அடிக்கு வரும்போதெல்லாம், கண் இமைக்கும் நேரம் ஒரு இடைவெளி விழும், பல் விழுந்த இடம் மாதிரி. பதினாறு இடைவெளி போனால் ஆயிரத்து நூற்றிருபது கிலோ ஏறியிருக்கும் என்பது கருவி உயிரோடு இருந்த காலத்திலேயே அவருக்குத் தெரியும். கருவி செத்தபின் பதினாறு எண்ணினார், கதவை மூடினார், பதிவேட்டில் 1120 என்று எழுதினார். ஆறு வருடத்தில் ஒரு கலவைகூடப் பிசகவில்லை. யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை. எடைக்கருவியை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள் என்று எல்லோரும் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தார்கள், அந்த நிம்மதியை இவர் ஏன் கெடுக்க வேண்டும்?

ஆலையின் ஃபிட்டர் வேறு யாருமில்லை, அவருடைய தங்கை கணவர்தான். மச்சான், மாப்பிள்ளை என்று இருவரும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போவார்கள், ஒருவர் சாப்பாட்டில் மற்றவர் கை வைப்பார். மூன்று மாதத்துக்கு முன் கேன்டீனில் ஃபிட்டர் வாய் சும்மா இருக்காமல், "எங்க மச்சானுக்கு உட்கார்ந்த இடத்துலயே சம்பளம். வாளி ஏறுது, பார்க்கிறார். வாளி இறங்குது, அதையும் பார்க்கிறார்" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. வாளிக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். அதன்பின் எதுவானாலும் தங்கை மூலமாகத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள் தபால்காரியாகிப் போனாள்.

பழைய பெல்ட் நைந்துபோய் புதியது வந்தபோதும் அந்த ரோஷம் தணியவில்லை. பெல்ட் மாற்றும் இரண்டு நாளும் ஃபிட்டர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று வாளிக்காரர் லீவு போட்டுவிட்டு வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் எலிவேட்டர் புது மாப்பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. திருப்தியாகத்தான் இருந்தது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வாரா என்ன!

அன்றைக்கே குழப்பம் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்ததும் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொள்வது அவர் பழக்கம். கடைசி மடக்கும் பதினாறாவது எண்ணும் ஒன்றாக முடியும். அன்று பதினாறு வந்தபோது பாதி டீ அப்படியே இருந்தது. கதவை மூடிவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தார். அடுத்த கலவையிலும் அதே கதை. டீ குடிக்கிற வேகம்கூடக் குறைந்துபோச்சே, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை நிமிடம் ஆக வேண்டிய வேலை நான்கு நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று முடிவு கட்டி, கைக்காசு போட்டு புது பேட்டரி மாட்டினார். மறுபடியும் நான்கு நிமிடம்தான். பெல்ட்தான் வேகமாக ஓடுகிறதோ என்று எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டினார். "மோட்டார் அதே வேகம்தாங்க, உங்களுக்குத்தான் ஏதோ அவசரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எது பொய் சொன்னாலும் காது பொய் சொல்லாது என்ற ஒரே பிடிப்போடு பதினாறை எண்ணிக்கொண்டே இருந்தார்.

மேலே நிலவரம் இன்னும் மோசம். முப்பத்தைந்து மூட்டை வர வேண்டிய கலவையில் இருபத்தொன்றுதான் வந்தது. மணல் பாதியும் சிமெண்ட் முழுசுமாகப் போனதால், பூசிய சுவர்கள் காய்ந்ததும் விரிசல் விட்டன. வாங்கியவர்கள் வந்து கத்தினார்கள். பதிவேட்டைப் பார்த்தால் கீழே 1120 கிலோ விட்டதாக இருக்கிறது, மேலே போய்ச் சேர்வதோ பாதி. எலிவேட்டரின் அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், மணல் தேங்கவில்லை. கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஒரு கைப்பிடி சிந்தவில்லை. உள்ளே போன மணல் வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் இல்லை. மணல் அள்ளும் வண்டியின் டிரைவர் மட்டும், "அதென்னமோ தெரியலை, மேட்டுல மணல் குறையவே மாட்டேங்குது" என்றான். இருக்கிற எரிச்சலில் இவன் வேறு ஜோக்கடிக்கிறான் என்று அவனை விரட்டிவிட்டார்கள்.

கடைசியில் எல்லோர் கண்ணும் புது பெல்ட்டில் வந்து நின்றது. பெல்ட் வழுக்குகிறது, வாளிகள் பாதி நிறைந்துதான் ஏறுகின்றன, மாட்டியவர் சரியாக மாட்டவில்லை. மேனேஜர் எலிவேட்டரைப் பூட்டி சாவியைத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். வெளியிலிருந்து ஆள் வந்து வேறு பெல்ட் போடும்வரை ஓடாது. ஃபிட்டருக்கு மெமோ போனது. சனிக்கிழமைக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டியதில்லை.

வாளிக்காரருக்கு இதைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாதது அவருக்கே ஆச்சரியம். மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளமே தவிர, கை சுத்தம். அவர் முறுக்கிய போல்ட்டை அவரே நினைத்தாலொழிய யாரும் கழற்ற முடியாது. அந்தக் கை போட்ட பெல்ட் எப்படி வழுக்கும்? அப்போ மணல் எங்கே? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பொரிந்து தள்ளினாள்.

"அண்ணே, உங்க ரெண்டு பேர் வீம்பும் எனக்கு வேண்டாம். ரெண்டு நாளா அவர் ஒரு வாய் சாப்பிடலை. பேசாம படுத்திருக்கார், திடீர்னு எழுந்து உட்கார்ந்து, 'ரெண்டு ஜாயின்ட்டையும் நான் கையால முறுக்கினேன், எப்படி வழுக்கும்'னு சுவர்கிட்ட கேக்கறார். எனக்குப் பயமா இருக்கு."

"ரெண்டு ஜாயின்ட்டா?"

"பெல்ட் ஒரே உருளையா வரலையாம். சரிபாதியா ரெண்டு துண்டா வந்துச்சாம். ரெண்டையும் சேர்த்துத்தான் போட்டிருக்கார். எனக்கென்ன தெரியும் அதெல்லாம்?"

வாளிக்காரர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெல்ட்டில் இரண்டு இணைப்பு என்றால் வாளி இல்லாத இடமும் இரண்டு. சுற்றுக்கு ஒரு இடைவெளி இல்லை, இரண்டு. பதினாறு சுற்று என்று அவர் எண்ணியது எட்டே சுற்று. டீ மீந்ததும் கடிகாரம் அடம்பிடித்ததும் அதனால்தான். மணல் எங்கேயும் காணாமல் போகவில்லை, பாதி மணல் மேட்டைவிட்டே கிளம்பவில்லை. அந்த டிரைவர் ஜோக்கடிக்கவில்லை.

"ஏன் அண்ணே முகம் இப்படி வெளுக்குது?" என்றாள் தங்கை.

அவர் மீதி பட்டன்களை அவசரமாகப் போட்டுக்கொண்டார். எலிவேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் முப்பத்திரண்டு எண்ணி எல்லாவற்றையும் சரிக்கட்டியிருப்பார். அந்த நினைப்பு வந்தது என்பதை மறைப்பானேன், வந்தது. ஆனால் சாவி மேனேஜர் மேசைக்குள் இருக்கிறது. இனி வாயைத் திறந்தால் ஆறு வருடப் பதிவேடும் சேர்ந்து திறக்கும். திறக்காவிட்டால் தங்கை வீட்டில் அடுப்பு அணையும். இதில் யார் செய்தது தப்பு என்று ஆலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். மாப்பிள்ளை பெல்ட்டைச் சரியாகத்தான் போட்டார். இவரும் சரியாகத்தான் எண்ணினார். இரண்டு சரி சேர்ந்து ஒரு தப்பு ஆகுமா? விடை கிடைப்பதற்குள் மேனேஜர் அறை வந்துவிட்டது.

மேனேஜர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 1120, 1120.

"ஆறு வருஷமா? இதெல்லாம் பொய்யா?"

"எடை பொய் இல்லை சார். எடை போட்டேன்னு எழுதினதுதான் பொய்."

"காதால நிறுத்தீங்களா? எனக்கு எதிர்ல செஞ்சு காட்டுங்க."

எலிவேட்டரைத் திறந்தார்கள். மேல்தொட்டியைக் காலி செய்து, வாளிக்காரரை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொன்னார் மேனேஜர். டீ இல்லை, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடி முப்பத்திரண்டு எண்ணிக் கதவை மூடினார். ஏறிய மணலை நாற்பது கிலோ மூட்டைகளாகக் கட்டி, மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். இருபத்தெட்டு மூட்டை வர வேண்டும். இருபத்தேழு சரியாக நிறைந்தது. கடைசி மூட்டையில் மூன்று கிலோ குறைந்தது.

கூடியிருந்தவர்கள் வாயில் ஈ புகுந்தாலும் தெரிந்திருக்காது. மேனேஜர் எழுந்து வந்து வாளிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை" என்றார். வாளிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஃபிட்டரின் மெமோ அங்கேயே கிழிந்தது. அறைக்குள் போனதும் மேனேஜர் வேறொரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"திங்கட்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

தன் காதில் சரியாக விழவில்லை என்று வாளிக்காரர் நினைத்தார். "சார், சரியாத்தானே வந்துச்சு?"

"சரியாத்தான் வந்துச்சு. ஆறு வருஷம் நிறுக்காம நிறுத்ததா எழுதியிருக்கீங்க. விரிசல் விட்ட சுவர்ல ஒண்ணு விழுந்து யாராவது செத்தா, காதால எண்ணினார், நல்லாத்தான் எண்ணினார்னு நான் பதில் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க."

 அவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் வாளிக்காரருக்குப் பட்டது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பாராட்டிக் குலுக்கிய அதே கைதான் பேனாவை நீட்டியது. இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா கூடாதா என்று விளங்காமல், பழக்கதோஷத்தில் "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஆலை வாசலில் ஃபிட்டர் நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நேருக்கு நேர் வாயைத் திறந்தார்.

"உங்களை யாரு மச்சான் போய்ச் சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? நான் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு எந்த ஆலை வாசல்ல போய் நின்னாலும் உள்ள கூப்பிடுவான். நீங்க எங்க போய் நிப்பீங்க? என்னன்னு சொல்லி வேலை கேப்பீங்க?"

குரல் பாதியில் உடைந்துபோனது. ஆள் திட்டுகிறாரா, அழுகிறாரா என்று வாளிக்காரருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று யோசித்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில், நான்கு மாடி உயரத்துக்கு மணல் ஏறும் சத்தத்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"தெரியலை மாப்பிள்ளை" என்றார்.

ஃபிட்டர் அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.