எட்டி மரத்தடிக்குக் கொண்டுபோன தாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை படப்பையிலிருந்து சொந்த ஊரான பிள்ளைப்பாக்கம் போய் வந்தேன். எழுபத்தொரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவன் நான். சிநேகிதன் முனுசாமியிடம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றைத் தாளில் எழுதி, கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். வாயால் சொல்ல தைரியமில்லை.

காலை 8.10க்குப் பேருந்து. 'ஒரகடம்' என்ற பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்து ஏறினேன். கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனதில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். கம்பெனி ஷிஃப்ட் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம்.

"இன்னா பெருசு, உதட்ட ஆட்டிக்கினே வர?" என்றார் ஓட்டுநர்.

"போர்டு படிக்கிறேம்பா."

"முன்னாடி கீற லாரி எப்ப நவுரும்னு எங்கனா எழுதிகீதா பாரு."

ஏரிக்கரையில் எட்டி மரம் அப்படியே நிற்கிறது. பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக இருக்கும், பார்த்தால் கை போகும். உள்ளே கொட்டை விஷம். ஆனாலும் தழையை வயலில் மிதித்து உரமாக்குவோம். கட்டையைக் கரையான் தொடாது என்று கலப்பைக்கு வெட்டுவோம். கொட்டையின் நஞ்சை முறித்து வைத்தியர் மருந்தாக்குவார். நான் அதை வேறொன்றுக்கு எடுத்தேன்.

முனுசாமி மரத்தடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன்.

"யாருக்குடா கல்யாணம்?"

"படிச்சுப் பாரு."

"நான் எப்படா படிச்சேன்? நீயே படி, வாத்தியாரே."

படித்த சந்தோஷத்தில் மறந்தே போயிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே நாளில் ஓடியவர்கள் நாங்கள். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன்: "என் ஆட்டுக்குட்டியைக் கடித்த உன் நாய்க்கு எட்டிக்கொட்டை வைத்தது நான். உன் மச்சான் இல்லை."

நாயைக் கொன்றது தங்கை புருஷனான மச்சான் என்று நினைத்துத்தான் மணிமங்கலத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதை அவன் நிறுத்தினான். தான் வைக்கவில்லை என்று மச்சான் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான் செத்து ரெண்டு வருசமாவுது. சாவுக்குக்கூட நான் போவல. தங்கச்சி கீறா. எழுந்திரு, அங்க வந்து இத படி."

மாட்டைக் கட்டிவிட்டு வந்தான். மதியம் 12.40க்கு தங்கை வீட்டு வாசலில் நின்று படித்தேன். தங்கை அவனை உள்ளே கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

மரம் பார்க்கப் போகிறவர்கள் ஷிஃப்ட் நேரம் முடிந்து பத்து மணிக்கு மேல் போங்கள். குழந்தைகளைப் பழத்தின் பக்கம் விடாதீர்கள். என்னைப் போல் தாளோடு போகிறவர்கள், வாய்விட்டுப் படிக்க வேண்டிவரும் என்று நினைத்து எழுதுங்கள். 'மன்னித்துவிடு' என்பது பெரிய சொல்லாக இருக்கிறதென்று நான் எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டு இடத்திலும் அது இல்லாமல்தான் படித்தேன்.