துவைக்காமல் வைத்த மூன்று துணிகள்

இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி மாதம். தலைப்பிரசவத்துக்காக விருத்தாசலத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பையன் பிறந்து ஐந்து வாரம் ஆகியும் அவன் உடம்பிலும் கண்ணிலும் மஞ்சள் போகவே இல்லை. காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். அந்த வருடம் பார்த்து அடைமழை. மழை விடட்டும் என்று காத்திருந்தோம்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. குழந்தை வெள்ளையாக வெளிக்குப் போனான். "பாலுதான குடிக்குது, வெள்ளையாத்தான் போவும்" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மழையில் துணி அலச சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

நான் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவள். சூளையில் வெந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைப் பார்த்து நல்லது, கெட்டது பிரிப்பது என் வேலை. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் பிள்ளையைப் பார்க்க வந்தார். நான் மாற்றிப் போட்ட துணியைப் பார்த்து, "என்னாடி இது, நம்ம கம்பெனி வெள்ளக் களிமண்ணாட்டம் இருக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் அந்தத் துணியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டை ஒரு சாயல் மாறி வந்தாலே தள்ளிவைக்கிற கண், பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் தூங்கிவிட்டதே.

கம்பெனியில் நிறம் மாறினால் யாரும் வாதாட மாட்டோம். ஒவ்வொரு நாள் வெந்ததிலும் ஒரு கட்டையை எடுத்து, கிழமை எழுதி, வரிசையாக வைத்து சூப்பர்வைசரிடம் காட்டுவோம். நானும் அதையே செய்தேன். மூன்று நாள், நாளுக்கு ஒரு துணியைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கிழமை எழுதி வைத்தேன்.

வேப்பூரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கவரைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இதையா டாக்டராண்ட எடுத்தும் போவ? மானம் போயிடும்."

"போனா போவட்டும். நீங்க கொடையப் புடிங்க."

குழந்தை டாக்டர் மூக்கைப் பொத்தவில்லை. மூன்று துணிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். மூத்திரம் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய் அடைத்திருக்கலாம், அதனால்தான் மலத்தில் நிறமே இல்லை, வெயிலில் காட்டினால் இது போகாது என்றார். பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிவதற்குள் ஆபரேஷன் நடந்தால்தான் நல்லது, தள்ளிப்போனால் கல்லீரல் கெட்டுவிடும் என்றும் சொன்னார். அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்து, அன்றைக்கே எங்களைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டார். பண்ருட்டி தாண்டும்வரை நான் அழுதுகொண்டே போனேன்.

அங்கே எல்லாச் சோதனையும் முடிந்து, ஐம்பதாவது நாள் ஆபரேஷன் நடந்தது. பித்தம் இறங்கினால்தான் பிழைத்தான் என்று அர்த்தம். துணி மாற்றும்போதெல்லாம் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பேன். ஒரு வாரம் அதே வெள்ளைதான்.

ஒன்பதாம் நாள் காலை துணியைப் பிரித்தேன். பச்சையும் மஞ்சளுமாக அப்பியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பித்தம் எறங்கிடுச்சும்மா" என்றார். அதற்குள் என் வீட்டுக்காரர் அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, "என் புள்ள மஞ்சளா போயிருக்கான், பாருங்க" என்று கட்டில் கட்டிலாகப் போய்க் காட்டினார். மானம் போய்விடும் என்ற அதே மனுஷர்தான்.

வருஷக்கணக்கில் செக்கப்புக்கு அலைந்தோம். இப்போது பையனுக்கு மீசை முளைத்துவிட்டது, இந்தக் கதையை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். நான் விடுவதில்லை. எந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாலும் முகத்தைக் கொஞ்சுவதற்கு முன்னால் துணியைக் காட்டச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அப்படிச் சிரித்த ஒரு வாயால்தான் என் பிள்ளை எனக்குக் கிடைத்தான்.