சுவருக்கு வெளியே இருந்த கல்

கல்லறைத் திருநாள் வருகிறதென்று எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டு வாடை மூக்கில் ஏறியதும் அம்மாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருக்கும். வருசாவருசம் ஊர்க் கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளை அடித்தவள் அவள்தான்.

என் தங்கை பிறந்த அன்றே இறந்துபோனாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கோயில் உபதேசியார் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்கச் சொல்லிவிட்டார். அம்மா அவரிடம் கெஞ்சவில்லை. வேலை முடிந்ததும் கொட்டாங்குச்சியில் சுண்ணாம்போடு வெளியே போய், தங்கை தலைமாட்டுக் கல்லுக்கும் அடிப்பாள்.

"ஏம்மா, பாப்பாவுக்கு மிச்சந்தானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மிச்சமில்லடி. மொதல்லயே இவளுக்குன்னு எடுத்து வெச்சிடறேன்."

சாகும்போது ஒன்றுதான் கேட்டாள். "என்ன அந்தச் செவுரு ஓரமா வையுங்க." அப்படியே, தங்கை கல்லுக்கு நேராகச் சுவருக்கு உள்பக்கம் வைத்தோம்.

இந்த வருசம் தோட்டத்தைப் பெரிதாக்கச் சுவரை இடித்துவிட்டார்கள். தங்கை கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் மகன் இரண்டு மெழுகுவத்தி எடுத்தான்.

"ஆயாவுக்கு ஒண்ணு, சின்னம்மாவுக்கு ஒண்ணும்மா."

எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

"நடுவுல ஒண்ணு வையிடா, போதும்" என்றேன்.