பகரில்ல

கண்ணுகளா, அப்பன் காலில் இருப்பது என்ன நோய் என்று யாராவது கேட்டால் தலையைக் குனியாதீர்கள். நான் பத்தாவது தாண்டாதவன்தான். ஆனால் எனக்குச் சொன்னதை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன். அதை உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

முதுகிலும் இடுப்பிலும் பல வருடமாகச் சிவந்த திட்டுகள். படை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். பிறகு கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் கிளம்பியது. உடைந்தது, ஓரம் கருநீலமானது, சீழ் வைத்தது. ஒரு கிளினிக்கில் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். வெட்ட வெட்டப் புண் அகலமானதுதான் மிச்சம்.

அப்புறம்தான் உங்கள் அத்தை வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பொள்ளாச்சிக்காரர்; எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம்மைப் போல இல்லாமல், மலையாளம் அரைகுறை. புண்ணிலும் திட்டிலும் சதை எடுத்துப் பார்த்தார்கள். சீழில் கிருமி எதுவும் வளரவில்லை என்றார் டாக்டரம்மா. கிருமி வந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளணுக்கள், எதிரியே இல்லாமல் கூட்டம் கூடி என் தோலையே அழிக்கின்றனவாம். முதுகில் இருப்பதோ படையே இல்லை. வேறொரு வகை வெள்ளணு தோலுக்குள் புற்றாகியிருக்கிறது.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமுங்களா?" என்று கேட்டேன்.

சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு, புற்றணுக்கள் விடும் சேதியைக் கேட்டு மற்றவை கூடுகின்றனவோ என்று நினைக்கிறார்கள், முழுசாக இன்னும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது மலையாளத்தில் அழுத்திச் சொன்னார்: "பகரில்ல, கேட்டோ. பகரில்ல." ஒட்டாது என்று பொருள்.

மாசியில் உங்கள் அத்தை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமனான என் மடியில் உட்கார வேண்டும். நான் போனபோது பலகையில் எங்கள் பெரியப்பா மகன் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, எடம் மாறிப்போச்சுங்களா?" என்றேன்.

அத்தையின் மாமியார் முன்னால் வந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, பச்சப் புள்ள. உங்களுக்கு என்ன சீக்குன்னு கேட்டா என்ற மவன் வாயே தொறக்க மாட்டீங்கறான். மறைக்கற சீக்குன்னா ஒட்டற சீக்குத்தானுங்க?"

ஆஸ்பத்திரிக்குத் துணை வந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன்.

"டாக்டரம்மாதான் பகரக்கூடாதுன்னாங்க மச்சான். பகர்றதுன்னா சொல்றது. பள்ளிக்கூடத்துல தமிழ்ல நாந்தான் மொதல்."

"அட மாப்ள! அந்தம்மா ஒட்டாதுன்னு சொன்னாங்க. நீங்க ஊர் வாயைப் பூட்டறேன்னு என்ற மடியைப் பூட்டிப்போட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "சீழு வடியுதே தம்பி. கிருமி இல்லாம சீழு வருமுங்களா?"

"திருடனே இல்லாத ஊட்டுல போலீசு பூந்து பண்டபாத்திரத்தை ஒடச்சா, அதைத் திருட்டு ஊடுன்னு சொல்லுவீங்களாம்மா? என்ற கால்ல நடக்கறது அதுதானுங்க."

"புத்துன்னு வேற..." என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஆமாங்க, புத்துதான். அதுவும் ஒட்டாது. சாகறதா இருந்தாலும் நான் ஒருத்தன்தான் சாவேன். மருந்து தின்னுட்டுத்தான் இருக்கறேன், இன்னிக்கு எங்கயும் போகல. நகருங்க."

பெரியப்பா மகன் எழுந்தார். "எனக்கும் கால் மரத்துப்போச்சு" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். உங்கள் அத்தை யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீறிட்டு உதைத்தது. ஒரு உதை நேராகப் புண்ணின் மேல் விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. பிடியை விடவில்லை. இரண்டாவது காதும் குத்தி முடிந்த பிறகே இறக்கினேன்.

மாமியார் கடைசிவரை தள்ளியே நின்றார். நிற்கட்டும். நான் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திரும்பும்போது தனியாகத்தான் வந்தேன். எல்லையில் நம் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். புண் வந்த நாள் முதல் வேட்டியைப் பாதம் வரை இறக்கிவிட்டே நடந்தவன், அங்கே நின்று அதை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினேன். கட்டுத்துணி தெரிய, டீக்கடைகளுக்கு முன்னால் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.