மலர்க்கொடி அக்காவின் மேல் ஒரு புகார்

நான் ஒரு பொய்ப் புகார் எழுதினேன். அந்தப் புகாரைச் சொன்னதாக நான் குறித்த பெண், இந்த உலகத்திலேயே இல்லாதவள்! இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது பி.பி.ஏ. கடைசி வருடம். புதுக்கோட்டையில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப். பொருள் வாங்கிப் போனவர்களுக்குப் போன் செய்து, கடையும் ஆட்களும் எப்படி என்று கேட்டுப் படிவங்களை நிரப்ப வேண்டும்.

முதல் போனை ஒரு பெரியவர் எடுத்தார். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "நீங்க வாங்குன கிரைண்டர் திருப்தியா இருக்கா சார்?"

"எம் பொண்டாட்டிதாம்மா ஆசப்பட்டு வாங்குனா. அவ போயி சேந்து பதினஞ்சு நாளாச்சு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதற்றத்தில், தாளில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன்... "எங்க கடையை மத்தவங்களுக்குச் சொல்லுவீங்களா சார்?"

அவர் கோபப்படவில்லை. "சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அதன் பிறகு அந்தப் போனைத் தொடவே கை வரவில்லை. மீதிப் படிவங்கள் அத்தனையையும் நானே கற்பனையில் நிரப்பினேன். எல்லாமே பாராட்டாக இருந்தால் சந்தேகம் வராதா? ஒரு குறையும் இருக்கட்டும் என்று, இல்லாத ஒரு பெண் சொன்னதாக எழுதினேன். 'விற்பனைப் பெண் மலர்க்கொடி முகம் சுளித்துப் பேசினார்.'

ஏன் அவர் பெயர்? கடையில் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். முதல் நாளே தன் டிபன் பாக்ஸ் மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளியவர் அவர். வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார். அவர் சிரித்தால் மாடி வரை கேட்கும்.

முதலாளி எல்லாரையும் நிற்க வைத்து என் அறிக்கையை வாசித்தார். மறுநாள் அக்காவை விற்பனையிலிருந்து எடுத்துக் குடோனுக்கு அனுப்பினார்.

மதியம் அக்கா என்னிடம் வந்தார். அழவில்லை. "நீதானம்மா பேசுன... அந்தம்மா ரொம்பக் கோவமாவா இருந்தாங்க?"

அதுதான் எனக்குக் கிடைத்த நேரம். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும்!

"ஆமாக்கா" என்றேன்.

"யாருன்னே தெரியலயே... நம்பர் குடு, நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"நம்பர் குடுக்கக் கூடாதுக்கா. ரூல்ஸ்."

அப்படி ஒரு விதியும் இல்லை. அக்கா அதையும் நம்பினார். "அப்ப நீயாச்சும் சொல்லிரு. வேணும்னு பேசலைன்னு சொல்லு."

சொல்வதாகத் தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்து, "சொன்னியாம்மா?" என்று கேட்டபோது, அந்தம்மா மன்னித்துவிட்டதாகவும் சொன்னேன்! இல்லாத ஒருத்தியின் மன்னிப்பை எடுத்துக் கொடுக்க நான் யார்? ஆனால் அக்காவின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபோதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கே புரிந்தது.

சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அன்னவாசல் போகப் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அக்காவைப் பார்த்தேன். அதே கடையில்தான் இருக்கிறார். மறுபடி விற்பனைக்கே வந்துவிட்டாராம்.

"இப்பல்லாம் கஸ்டமர்ட்ட அளந்துதான் பேசுறது. சிரிக்கிறதுக்கும் பயமா இருக்கு. எது யாருக்கு எப்படிப் படும்னு தெரியலல்ல?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்வதுபோல, மெல்லிய குரலில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன்... அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. "ஏறு ஏறு, சீட்டு போயிரும்" என்று அவரே என்னை அவசரப்படுத்தினார்.

அன்னவாசல் வரும் வரை அந்தப் பஸ் எத்தனையோ இடங்களில் நின்றது. நான் எதிலும் இறங்கவில்லை.