நஞ்சப்பனைத் திட்டிய காலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒசூரில் ஒரு தொழிற்சாலையின் கால்பந்துப் பரிசளிப்பு விழாவுக்கு என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவை யாரோ மிகைப்படுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது முதலில் கூப்பிட்டவர்கள் எல்லாம் வர மறுத்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் என்கிறாள் என் மனைவி. பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு பக்கத்துப் பையன் கோல் போட்டான். இரண்டு பக்கத்துக்காரர்களும் கை தட்டினார்கள். மறுபக்கத்துப் பையன் கோல் போட்டான். அதே ஆட்கள், அதே அளவு தட்டினார்கள். கடைசியில் தோற்றவன் ஜெயித்தவனிடம் போய்க் கை கொடுத்து, "வெல் பிளேடு" என்றான். எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பந்தலுக்குப் பின்னால் யாரோ மணலில் கடலைக்காய் வறுத்தார்கள். கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு வாசனை வருமே, அது. சிலருக்கு வாசனை வந்தால் பசி வரும், சிலருக்குப் பாட்டு ஞாபகம் வரும். எனக்கு வசவு காதில் விழுந்தது. "ஒரேய் நஞ்சா! அது காலாடா, களி கிண்டற துடுப்பாடா?"

அது லட்சுமக்காவின் குரல். ஐம்பதுகளின் நடுவில் இதே ஒசூரில், எங்கள் ஊர் மைதானத்தின் மூலையில் அடுப்பு மூட்டிக் கடலைக்காய் வறுத்து விற்றவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் அவளுக்கு இருந்த சொல்வளத்தை நான் பிற்பாடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்க்கவில்லை. நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே அவள் அடுப்புப் பக்கம் போய் நிற்பேன். கடலைக்காக அல்ல, பாடம் கேட்க.

திட்டு வாங்கிய நஞ்சப்பன் எங்கள் ஊர் அணியின் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடி ஆடுகிறவன். ஊருக்கு வெளியே கால்நடைப் பண்ணையில் காளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அறுத்துக்கொண்டு ஓடுகிற காளையைப் பக்கவாட்டில் ஓடியே மடக்கிப் பழகியவன். அவனுக்கு, தடுக்க வருகிற எதிரணி பேக்குகள் கொம்பில்லாத சாதுப் பிராணிகள். வெறுங்காலில்தான் ஆடுவான். பந்து அவனிடம் வந்துவிட்டால் எங்கள் மூலையே எழுந்து நிற்கும். நின்று, அவனைத் திட்டும்.

வெளியூர் நண்பர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் நம் ஆளைப் புகழக் கூடாது. கண் பட்டுவிடும். முன்பு ஒரு கோல்கீப்பரை யாரோ ஒருவர் "என்னமா புடிக்கறான்யா" என்று மனம் விட்டுச் சொல்லிவிட, மறுவாரமே அவனுக்கு மணிக்கட்டு முறிந்ததாம். அன்றிலிருந்து இதுதான் சட்டம். நம் ஆள் நன்றாக ஆடினால் வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். எவ்வளவு நன்றாக ஆடுகிறானோ அவ்வளவு கேவலமாக. எதிரியை மட்டும் பாராட்டலாம். பாராட்டுவது மட்டுமல்ல, கை தட்டலாம், "ஆஹா" என்று வாயைப் பிளக்கலாம். பலமாகக் கண் பட்டு அவன் விழுந்து தொலையட்டும் என்றுதான். ஊத்தங்கரையிலிருந்து ஆட வந்த ஒரு சாதுவான அணி, எங்கள் கைதட்டலில் மனம் குளிர்ந்து, இவ்வளவு பண்பான ஊரைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அவர்கள் கால்கள் ஒடிய வேண்டும் என்று நாங்கள் தட்டிய தட்டல் அது.

நானும் என் பங்குக்குத் திட்டிப் பார்த்தேன். படித்தவன் அல்லவா, "அடே மதிகேடா! அறிவிலி!" என்று கத்தினேன். லட்சுமக்கா கரண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது இன்னா சாமி, அர்ச்சனையா? தேங்கா ஒடைக்கணுமா?" என்றாள். அதன்பிறகு நான் மற்றவர்களோடு சேர்ந்து "ஊ" மட்டும் போட்டுவந்தேன்.

எங்கள் ஜென்ம விரோதி கிருஷ்ணகிரி. ஜில்லா லீக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை மோதுவோம். அவர்கள் பாதி வழியில் சூளகிரியிலேயே பஸ்ஸை நிறுத்திச் சண்டையை ஆரம்பித்துவிட்டு மிச்சத்துக்கு மைதானத்துக்கு வருவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாங்காய் மண்டி கோபால். கழுத்தில் துண்டு, வாயில் வெற்றிலை, தொண்டையில் வெண்கலம். அவர்கள் ஊரில் கண், திருஷ்டி என்ற நுணுக்கமெல்லாம் கிடையாது. பிடித்தவனைப் புகழ்வார்கள், பிடிக்காதவனைத் திட்டுவார்கள். இவ்வளவு கலை உணர்ச்சி இல்லாத ஜனங்களை நாங்கள் எப்படி மதிப்போம்?

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து ஆள் வந்தது. ஏதோ ஒரு கீழை நாட்டு அணி சர்வதேசத் தகுதி ஆட்டத்துக்காக வரப்போகிறது, அதற்கு நம் நாட்டு அணிக்கு ஆள் பொறுக்கத் தேர்வு ஆட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள், லெஃப்ட் அவுட் இடம் காலியாக இருக்கிறது, நஞ்சப்பன் வந்து ஆட வேண்டும் என்று. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது. பண்ணையில் சாணி வாருகிறவன், தேசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடப் போகிறான். ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "இவன எல்லாம் எவன் கூப்டான்?" என்றுதான் தெருவுக்குத் தெரு பேச்சு. நஞ்சப்பனுக்குக் காது குளிர்ந்தது. இரண்டு நாள் முன்னதாகவே பெங்களூர் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் டிரில் மாஸ்டருக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்தான் எங்கள் அணிக்குச் செயலாளர். மதராஸில் படித்தவர், ஊரில் காலுறை போடுகிற சிலரில் ஒருவர். எங்களை எல்லாம் மைதானத்தில் கூட்டி வைத்துச் சொன்னார்:

"தேர்வுக்குப் பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. அங்க வந்து நீங்க நம்ம ஊர் வாயைக் காட்டுனீங்கன்னா, சொந்த ஊர்க்காரனே காறித் துப்பறான்னு நெனச்சிப் பையனைக் கழிச்சிக் கட்டிடுவாங்க. ஒழுங்கா, டீசெண்டா, கை மட்டும் தட்டணும்."

நியாயமாகத்தான் இருந்தது. உலகத்தில் பெரும் நாசங்கள் எல்லாம் நியாயமாகத்தான் ஆரம்பிக்கின்றன. லட்சுமக்கா மட்டும், "கை தட்டறதுக்கு நான் எதுக்கு சாமி, ஒரு கொரங்க கூட்டினு போங்க" என்றாள். ஆனாலும் வந்தாள். பெங்களூர் பஸ்ஸில் வழி நெடுக டிரில் மாஸ்டர் எங்களுக்குத் தட்டப் பயிற்சி கொடுத்தார். மெதுவாக, ஒரே சீராக, முகத்தில் புன்னகையோடு.

மைதானத்தில் எங்களுக்கு நேர் எதிரே கிருஷ்ணகிரிக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் ஊர் ஆள் யாரும் ஆடவில்லை. நஞ்சப்பன் தோற்பதைப் பார்க்க மட்டுமே அறுபது மைல் பஸ் ஏறி வந்திருந்தார்கள். விரோதம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

முதல் பாதியில் நஞ்சப்பன் ஆடியது எங்கள் பக்கத்து ஓரம். பந்து அவனிடம் வந்தது. பழக்கதோஷத்தில் எங்கள் வாய்கள் திறந்தன. டிரில் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வாய்கள் மூடின, கைகள் தட்டின. நஞ்சப்பன் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். நின்று எங்களைப் பார்த்தான். முதுகில் யாரோ பச்சைத் தண்ணீர் ஊற்றியது போன்ற முகம். பந்தை எதிரி பேக் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போனார்.

இன்னொரு முறை வந்தது. இன்னும் பலமாகத் தட்டினோம். அவனை உற்சாகப்படுத்துகிறோமாம்! ஊத்தங்கரைக்குத் தட்டிய அதே தட்டல் அவன் காதில் விழுந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பாதி ஆட்டம் முடிவதற்குள், தன் சொந்த ஊரே தன் கால் ஒடியக் காத்திருக்கிறது என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான். பந்து வந்தாலே தோளைக் குறுக்கிக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. நஞ்சப்பன் இப்போது கிருஷ்ணகிரிக்காரர்களின் மூக்குக்குக் கீழே. மாங்காய் மண்டி கோபால் எழுந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"டேய் ஒசூரு எருமே! நீ காளைய மேய்க்கறியா, காளை உன்ன மேய்க்குதாடா? போடா, போயி சாணி வாரு!"

நஞ்சப்பன் தலையைத் தூக்கினான். அத்தனை தூரத்திலும் அவன் பல் தெரிந்தது. தாய்வீட்டு வாசலில் கால் வைத்த மாதிரி ஒரு சிரிப்பு. அடுத்த பந்தை வாங்கியவன் மூன்று பேரைக் கடந்துபோய் ஒரு கோல் போட்டான். கோபாலுக்கு வெறி ஏறிவிட்டது. இன்னும் கேவலமாகத் திட்டினார். நஞ்சப்பன் இன்னும் நன்றாக ஆடினான். திட்டத் திட்ட ஆடினான், ஆட ஆடத் திட்டினார். அவன் வாழ்நாளிலேயே அதைப் போல ஆடியதில்லை.

ஆனால் தேர்வு செய்ய வந்தவர்கள் இடைவேளையில் டீ குடிக்கும்போதே லெஃப்ட் அவுட்டுக்கு வேறொருவரை முடிவு செய்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் டிரில் மாஸ்டரிடம் வந்து, உங்கள் ஊர் ரசிகர்களின் நடத்தை மிகவும் கண்ணியமானது என்று கை குலுக்கிவிட்டுப் போனார்.

நஞ்சப்பன் வெளியே வந்தான்.

"எவன்டா கை தட்டுனது?"

"எல்லாரும்தான்பா," என்றார் டிரில் மாஸ்டர். "பெரிய எடம், ஒரு மரியாதைக்கு..."

"நான் இன்னா செத்தா போயிட்டேன், மரியாத பண்ண?"

பிறகு லட்சுமக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, நீயுமா தட்டுனே?"

லட்சுமக்கா தட்டிய கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்தத் தகுதி ஆட்டத்தையும் பார்க்கப் போனோம். நஞ்சப்பன் இல்லாத ஆட்டம்தான், ஆனாலும் தேசம் என்று ஒன்று இருக்கிறதே. கூட்டம் அலைமோதியது. நம் லெஃப்ட் அவுட் ஆடியதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. அவருக்குப் பேரப் பிள்ளைகள் இருக்கலாம். நடு ஆட்டத்தில் லட்சுமக்கா என் தோளை இடித்து எதிர்ப்பக்கம் காட்டினாள். கிருஷ்ணகிரிக் கூட்டத்துக்கு நடுவில் நஞ்சப்பன். கோபால் அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, "தள்ளி குந்துடா எருமே" என்று சொன்னது போல இருந்தது. நஞ்சப்பன் சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தான். பண்ணை வேலையை விட்டுவிட்டு மாங்காய் மண்டியில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. யாரோ காரணம் கேட்டதற்கு, "அவங்கதான் என்னைய மனுஷனா மதிச்சித் திட்டுனாங்க" என்றானாம்.

அடுத்த லீக்கில் கிருஷ்ணகிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் மைதானத்துக்கே வந்தான். ஊரின் மனம் இரண்டாக நின்றது. சட்டப்படி அவன் இப்போது எதிரி. கை தட்டிக் கண் வைக்க வேண்டும். டிரில் மாஸ்டரே கையைத் தூக்கினார். ஆனால் ஒருவர் கையும் சேரவில்லை. லட்சுமக்கா அடுப்பை விட்டு எழுந்தாள்.

"ஒரேய் நஞ்சா! சோறு போட்ட ஊர உட்டுட்டுப் போன திருட்டு நாயே! எங்க கடலக்கா தின்னு வளந்த காலுடா அது! வெளங்குமாடா? வெளங்குமா?"

கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தாள். அதற்குப் பிறகு யாரையும் யாரும் தடுக்கவில்லை. மூலை முழுவதும் எழுந்து மூன்று மொழியிலும் கொட்டியது. அதுவரை அவனை நாங்கள் எத்தனையோ திட்டியிருக்கிறோம். மனதாரத் திட்டியது அன்றுதான். நஞ்சப்பன் எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தான், நிக்கரை ஏற்றிவிட்டுக்கொண்டான், எங்களுக்கு எதிராக மூன்று கோல் போட்டான்.

ஆட்டம் முடிந்ததும் நேராக அடுப்புக்கு வந்தான். கேட்காமல் கொள்ளாமல் கூடையில் கைவிட்டு ஒரு பிடி கடலைக்காய் அள்ளினான்.

"இன்னிக்குத்தான் அக்கா நல்லா திட்டுனே."

"நெசமாத்தான்டா திட்டுனேன்."

"தெரியும்" என்றான். தோலை ஊதித் தள்ளிக்கொண்டே கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினான்.

மறுவருஷம் எங்களுக்குப் புது லெஃப்ட் அவுட், ஒரு வக்கீல் மகன். லட்சுமக்கா வழக்கம்போல் அவனைத் திட்டினாள். மானநஷ்டம் என்று நோட்டீஸ் வந்தது. அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். திட்ட ஆளில்லாத அணிக்கு ஆடவும் ஆளில்லாமல் போயிற்று. இரண்டு வருஷத்தில் லீக் படுத்தது. மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன் நிற்கிறது. கிருஷ்ணகிரிக்காரனும் ஒசூர்க்காரனும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஷிப்டு மாற்றுகிறார்கள், சம்பந்தம் வேறு செய்துகொள்கிறார்கள். கோபாலின் மகன் ஒவ்வொரு கோடைக்கும் எனக்கு மாம்பழக் கூடை அனுப்புகிறான். விரோதி வீட்டுப் பழத்தை நானும் வெட்கமில்லாமல் தின்கிறேன்.

போன மாசியில் நஞ்சப்பன் போய்விட்டான். துக்கம் கேட்கக் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். சாமியானாவுக்குக் கீழே ஒரே கூட்டம். "தங்கமான ஆளுங்க," என்றார் ஒருவர். "அவராட்டம் ஓட இந்த ஜில்லாவுல ஆளு கெடையாதுங்க," என்றார் இன்னொருவர். வெளிப்படையாக, வாய் நிறைய, ஆளுக்கு ஆள் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் பழக்கத்தில் பதறிப்போய் அவர்களைத் தடுக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். கண் படுவதற்கு அங்கே இனி ஒன்றும் இல்லை.