நான் வெட்டிய எட்டு வரி

ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவில் இருந்த நண்பன், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான்கு வருடம் லேத் ஓட்டிவிட்டு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தவன். விடுமுறை விட்டால் பழைய கம்பெனிக்கே போய் ஷிஃப்ட் பார்ப்பான். அவன் அப்பா வெள்ளானூரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த நிலமெல்லாம் மனைகளான பிறகு ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் ஆனார். வீட்டில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் இவன்தான்.

நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியன். நிருபர்கள் அனுப்பும் விபத்துச் செய்திகளிலிருந்து 'கோரமான', 'நெஞ்சை உலுக்கும்' போன்ற சொற்களை அடிப்பது என் வேலை. யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டி. அதற்கு மேல் இருப்பது எல்லாம் சிவப்பு மையில் போய்விடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவனுடைய கடைசி வருடத்தில், வடக்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருட மேற்படிப்புக்கு உதவித்தொகை தரும் அறிவிப்பு வந்தது. மூன்று ஓவியங்களும், அவற்றைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் அனுப்ப வேண்டும். தமிழிலும் எழுதலாம். கிடைக்காவிட்டால் அவன் திரும்ப லேத்துக்குத்தான் போக வேண்டும். அடுத்து ஒரு தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுத் தாள் ஒன்றோடு வந்தான்.

"மச்சான், எனக்கு வரையத்தான் வரும். நீ பேப்பர்காரன். கொஞ்சம் பாத்து சரி பண்ணிக் குடு."

அந்தத் தாளில் எட்டு வரி இருந்தது. இன்றும் எனக்கு மனப்பாடம்:

'இது நான் வேலை செய்யும் இடம். லேத்தில் நான்கு வருடம். ஷிஃப்ட் முடிந்ததும் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கை கழுவுவோம். குழாய் தாழ்வாக இருக்கும். எல்லாரும் குனிந்திருப்போம், அதனால் முகம் தெரியாது. பச்சை நிறம் மெஷினுக்கு அடிக்கும் பெயிண்ட், ஸ்டோரில் மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கினேன். காய்வதற்குள் தூள் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கவில்லை.'

பேக்கிங் பெட்டிப் பலகையில் வரைந்த மூன்று படங்களையும் நான் பார்த்திருக்கிறேன். வரிசையாகக் கைகள், குனிந்த முதுகுகள், முகமே கிடையாது. இந்த எட்டு வரியைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் கேட்க வேறு கேள்வி இருக்காது. விபத்துச் செய்தியாக இருந்திருந்தால் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

எட்டையும் அடித்தேன்.

ஓவியம் என்றால் அதற்கு வேறு தமிழ் வேண்டும் என்று நினைத்தேன். சிறுபத்திரிகைகள் வாங்கிப் படித்த காலம் அது. 'இயந்திர யுகத்தில் அடையாளம் இழந்த மனிதனின் அந்நியமாதலை இப்படைப்புகள் விசாரணைக்கு உட்படுத்துகின்றன' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். லேத் வேலை அதில் இல்லை. அனுதாபம் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று அவனிடம் காரணம் சொன்னேன்.

அவன் இரண்டு முறை படித்தான். "சோக்கா கீது மச்சான். நேர்ல கூப்ட்டா இன்னா சொல்றது?"

"இதுல இருக்கிறதையே சொல்லு. மாத்திப் பேசினா நம்ப மாட்டாங்க."

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, நகரத்திலேயே. அன்று எனக்கு மாலைப் பணி. ஆவடியில் ரயிலேறி அவனோடு நானும் போனேன். படங்களைச் சுமக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு ஆண்கள், ஒரு பெண். பேசியது பெரும்பாலும் அந்த அம்மாள்தான்.

"ஏன் முகமே இல்லை?"

"அடையாளம் இழந்த மனிதன் மேடம்."

"அது எழுதியிருக்கீங்க. படத்துல அவங்க என்ன செய்யறாங்க?"

அவன் படங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அந்நியமாதல்" என்றான். ஆண்களில் ஒருவர் இருமினார்.

"இந்தக் குறிப்பை நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமாங்க மேடம்."

அந்த அம்மாள் தாளைக் கீழே வைத்தார். குரலில் கடுமை இல்லை. "உங்களுக்குக் கை நல்லா வருது. ஆனா தொழிலாளிகளை வெளியே நின்னு பார்த்து வரைஞ்சிருக்கீங்க. ஒருநாள் ஒரு ஃபேக்டரிக்கு உள்ளே போய்ப் பாருங்க."

"சரிங்க மேடம்" என்றான்.

பெஞ்சிலிருந்து வாசலுக்கு ஆறேழு அடி. உள்ளே போய், அந்தக் குறிப்பை எழுதியது நான், இவன் நான்கு வருடம் லேத் ஓட்டியவன் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. பெயிண்டில் ஒட்டிய தூளைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

திரும்பும் ரயில் வில்லிவாக்கம் தாண்டியது. அவன் சிரித்தான்.

"உள்ள போய்ப் பாக்கச் சொல்ட்டாங்க மச்சான். கேட்ல நம்ம வாட்ச்மேன் உடணுமே."

"நீ உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே கூசியது.

"நீதானே மாத்திப் பேசாதன்ன." கோபமாகச் சொல்லவில்லை. "உன் மேல தப்பில்ல. நானும் படிச்சேனே. என்னுது மாதிரியே இல்ல, அதான் நல்லாருக்குன்னு நெனச்சிக்கினேன்."

முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எனக்கு வாய்ப்பு இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்வுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், நான்கு வாக்கியம். நடந்ததை அப்படியே சொன்ன தெளிவான கடிதம். உறையில் முகவரிகூட எழுதினேன், ஆனால் அனுப்பவில்லை. அனுப்பினால் அவனுடைய விண்ணப்பமே தள்ளுபடி ஆகிவிடக்கூடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். அந்தப் பக்கத்தை எழுதும்போது, யாராவது ஒருவர் 'இது யார் எழுதியது?' என்று வியந்து கேட்பார் என்று ஆசைப்பட்டிருந்தேன். கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை அவனிடமும் சொன்னதில்லை.

உதவித்தொகை வேறு ஒருவருக்குப் போனது. அவன் இரண்டாம் ஷிஃப்டில் நிரந்தரமாகச் சேர்ந்தான். அடுத்த ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த தட்டியில் மணமக்கள் பெயர்களை அவனே எழுதியிருந்தான். மூன்று பலகையில் இரண்டு அவன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகின. மூன்றாவது என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

ஆறேழு வருடம் கழித்து எங்கள் ஞாயிறு இணைப்பில் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது. படத்தில் என்ன இருக்கிறது, எதனால் செய்தது, எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லிவிடுவேன். எளிமையாக இருக்கிறது என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். ஒருநாள் கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். கையில் எங்கள் பேப்பர், மடித்து வைத்திருந்தான்.

"வாராவாரம் படிக்கிறேன் மச்சான். இப்பல்லாம் நீ எழுதறது நல்லா புரியிது" என்றான்.

அவன் பஸ் வந்துவிட்டது.